எங்கே விட்டாலும் வீடு வந்து சேர்கிற நாய்

தெருவில் நாயைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுகிற திலகவதி, கொஞ்ச நாளாக நாயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் சேத்தியாத்தோப்புச் சந்தையில் ஒரு நாய் கெண்டைக்காலைக் கவ்வி, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவள் அவள். அப்பேர்ப்பட்டவள் ஆபீசில் வேலைக்கு நடுவே ‘வயசானவங்களுக்கு ஏத்த சின்ன நாய் எது’ என்று போனில் தேடிக்கொண்டிருந்தாள் என்றால், வீட்டில் நிலைமை அவ்வளவு முற்றிவிட்டது என்று அர்த்தம்.

அவளுடைய மாமனார் ஜெயராமனுக்கு மறதி வந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிற மறதி இல்லை. அதெல்லாம் வீட்டுக்கு வீடு வாசற்படி. இவர் தான் இருக்கிற வீட்டையே மறந்துபோனார். நெய்வேலிக்கு வெளியே வடக்குத்து என்கிற ஊரில் சொந்தமாக மனை வாங்கி, நின்று பார்த்துக் கட்டி, கிரகப்பிரவேசத்துக்கு ஊரைக் கூட்டிச் சோறு போட்ட வீடு. மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் செருப்பை மாட்டுவார். “ஷிப்டு முடிஞ்சிருச்சு. வீட்டுக்குக் கிளம்புறேன்” என்று யாரோ வேற்று மனிதர்களிடம் விடைபெறுவதுபோல் சொல்லிவிட்டுக் கேட்டைத் திறந்து நடப்பார்.

அவர் போவது நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் பதினோராம் பிளாக்கில் இருக்கும் பழைய குவார்ட்டர்சுக்கு. நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை இருக்கிற வரைக்கும்தான் வீடு. மாங்கன்று நட்டு, அது காய்த்து, அந்தக் காயில் பிள்ளைகள் பெயர் சொல்லி ஊறுகாய் போட்டாலும், ரிடையர் ஆன பிறகு சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியே வர வேண்டியதுதான். ஜெயராமனும் அப்படித்தான் வந்தார். வந்த புதிதில் அவர் மனைவி தனபாக்கியம் காலமானாள். இத்தனை வருஷம் அதையெல்லாம் தாங்கிக்கொண்டிருந்த மனிதருக்கு இப்போது எல்லாம் அழிந்து அந்தக் குவார்ட்டர்ஸ் மட்டும் மிஞ்சிவிட்டது. அங்கே தனபாக்கியம் சோறு வடித்துவிட்டுக் காத்திருக்கிறாள் என்பது அவர் கணக்கு.

போவதுகூடப் பரவாயில்லை. வடக்குத்துக்கும் டவுன்ஷிப்புக்கும் நடுவில் கும்பகோணம் ரோடு கிடக்கிறது. சாம்பல் லாரியும் எக்ஸ்பிரஸ் பஸ்சும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகிற ரோடு. முதல் தடவை டவுன்ஷிப் ஆர்ச் கேட்டுக்குப் பக்கத்து டீக்கடைக்காரர் பிடித்து உட்கார வைத்துவிட்டுப் போன் செய்தார். அதற்குப் பிறகு நாலைந்து தடவை பழைய குவார்ட்டர்ஸ் வாசல் வரைக்கும் போய்விட்டார், திலகவதி போய்க் கூட்டி வந்தாள். கடைசித் தடவை ரோட்டின் நடுச்சுவரில் தடுக்கி விழுந்து, முட்டி கிழிந்து, ரத்தத்தோடு வீடு வந்தார்.

கேட்டைப் பூட்டிப் பார்க்காமலில்லை. அன்றைக்கு அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “என்னை ஏன்ய்யா பிடிச்சு வச்சிருக்கீங்க? நான் என்ன திருடினேன்?” என்று அழுதார். தெருவே எட்டிப் பார்த்தது. திலகவதியால் அதைத் தாங்க முடியவில்லை. அன்றோடு பூட்டை எடுத்துப் பரணில் போட்டுவிட்டாள்.

சென்னையில் இருக்கும் நாத்தனார் பொற்கொடி முட்டி கிழிந்ததைக் கேள்விப்பட்டுப் போனில் தீர்ப்புச் சொன்னாள். “திலகா, உன்னைக் குத்தம் சொல்லல. ஆனா இன்னொரு தடவை அப்பா காணாமப் போனாருன்னா நான் கார் எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். இங்க ஒரு முதியோர் ஹோம் பாத்து வச்சிருக்கேன். பூட்டித்தான் வைப்பாங்க. வேற வழியில்ல.”

திலகவதியின் கணவன் நெடுமாறன் ராஜஸ்தானில் ஒரு சுரங்கத்தில் காண்டிராக்ட் வேலையில் இருந்தான். அவனைக் கேட்டால், “அக்கா சொல்றதும் சரிதானே” என்றான். தூரத்தில் இருக்கிறவர்களுக்கு எல்லாமே சரியாகத்தான் தெரியும்.

இங்கே திலகவதியின் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் அவள் ஏன் அதற்குச் சம்மதிக்கவில்லை என்பது விளங்கும். சேத்தியாத்தோப்பில் ரைஸ் மில் கணக்குப்பிள்ளையின் மகளாகப் பிறந்து, அந்தக் குவார்ட்டர்சுக்குத்தான் மருமகளாக வந்தாள். நெடுமாறனுக்கு நெய்வேலியிலேயே இன்று பெர்மனென்ட் ஆகும், நாளை ஆகும் என்று சொல்லித்தான் கட்டி வைத்தார்கள். ஆகவே இல்லை. அவன் வெளிமாநிலம் போனான். இவள் வேலைக்குப் போகிறேன் என்றபோது அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து தாம்தூம் என்று குதித்தார்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்த ஜெயராமன், தூங்காமல், ஒரு பழைய ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் முன்னால் நிறுத்தினார்.

டவுன்ஷிப் ரோடுகள் அகலம், ஆள் நடமாட்டம் குறைவு. புளியமர நிழலில் அவள் வண்டியைத் தள்ளாட்டம் போட்டு ஓட்ட, அவர் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு லுங்கியோடு ஓடி வருவார். “கால ஊனாத தாயி. நான் பிடிச்சிருக்கேன்.” எப்போது கையை விட்டார் என்று அவளுக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது தூரத்தில் இடுப்பில் கைவைத்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பெற்ற அப்பா செய்யாததை அவர் செய்தார். அவரை ஒரு பூட்டுக்குள் அனுப்பி வைக்க அவளுக்கு மனசு எப்படி வரும்?

நாய் யோசனை பக்கத்து வீட்டுச் செங்கமலத்துடையது. திலகவதி ஆபீஸ் போகும் நேரத்தில் ஜெயராமனை ஒரு கண் பார்த்துக்கொள்பவள் அவள்தான். ஒரு கண்தான் முடியும். மறு கண் அவள் வீட்டு ஆட்டுக்கும் அடுப்புக்கும் வேண்டுமே.

“ஒரு நாய் வாங்கி வுடு திலகா. பேச்சுத் துணைக்கு ஆச்சு. கேட்டத் தொறந்தாருன்னா கொலைக்கும், நான் ஓடியாந்துடுவேன். அப்புடியே போனாலும் வூட்டுக்கு இட்டாந்துடும். நாய்க்குத் தெரியாத வழியா?”

மூழ்குகிறவளுக்கு அது போதுமாக இருந்தது. பிறகு ஆரம்பித்தது பாருங்கள், எந்த நாய் என்கிற பஞ்சாயத்து. நெய்வேலியில் தெரியாது என்று சொல்கிற ஆளை நீங்கள் பார்க்கவே முடியாது. ஆபீசில் பக்கத்து சீட்டு அன்புச்செல்வன் வீட்டில் லேப்ரடார் இருந்தது. “லேப்புதான் மேடம், குழந்தை மாதிரி” என்றார். அந்தக் குழந்தை சென்ற வாரம்தான் அன்பு மிகுதியால் அவர் மனைவியைக் கீழே தள்ளி மணிக்கட்டை உடைத்திருந்தது. ‘டாஷ்’ என்று எல்லோரும் செல்லமாகச் சொல்கிற குட்டைக்கால் நாயைப் பார்க்கப் போனாள். சோபாவுக்கு அடியில் இருந்து ரயில்பெட்டி மாதிரி முன்பாதி வந்து, நிதானமாகப் பின்பாதி வந்தது. மாமா கட்டாயம் இதில் தடுக்கித்தான் விழுவார் என்று தெரிந்தது. சப்பைமூக்கு பக் என்றார்கள். நாய்க்கடைக்காரரே நேர்மையாக, “நம்ம ஊரு வெய்யிலுக்கு அதுக்கே மூச்சு வாங்கும்ங்க, பெரியவர எங்க பாக்கறது?” என்றார். ஷிட்ஸு என்று ஒன்றைக் காட்டினார். முடியை வாரி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார்கள். தன் தலையையே வாரிக்கொள்ள நேரமில்லாத திலகவதி அதைக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

ஜெயராமனையே கேட்டாள். நல்ல நாளாக இருந்தது. அவர் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக்காரர். “நாய்ன்னா ராஜபாளையம் தாயி. மத்ததெல்லாம் பூனை” என்றார்.

“அது என் ஒசரம் இருக்குமே மாமா.”

“அப்ப நீ பூனையே வாங்கு” என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாளாயிற்று. வாங்கியே தீருவது என்று அவள் முடிவு கட்டியது அந்தச் சிரிப்பில்தான்.

கடைசியில் கால்நடை டாக்டர் ஒருவர் உருப்படியாக நாலு வார்த்தை சொன்னார். பொமரேனியன் ஜாதி சரியாக வரும். சின்ன உடம்பு, இழுத்துத் தள்ளாது, ஆள் அரவம் கேட்டால் குலைக்கும். ஆனால் குட்டி வேண்டவே வேண்டாம். குட்டி காலுக்குள் ஓடும், செருப்பைக் கடிக்கும், பெரியவரைப் படுத்தி எடுக்கும். வளர்ந்து, பழகி, புத்தி வந்த நாயாகப் பாருங்கள் என்றார். திலகவதிக்கு அது நியாயமாகப் பட்டது. யாருக்குத்தான் படாது?

வளர்ந்த நாய்க்கு நெய்வேலியில் பஞ்சமில்லை. மாதக் கடைசியில் யாராவது ரிடையர் ஆகிக்கொண்டே இருக்கிறார்கள். பீரோவும் கட்டிலும் லாரியில் ஏறிவிடும். நாயை ஏற்ற முடியாது. போகிற இடம் பிளாட்டாக இருக்கும், வாடகை வீடாக இருக்கும். தெரிந்தவர்களிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்படித்தான் பத்தொன்பதாம் பிளாக்கில் பிரபாவதி என்கிற அம்மாள் கரூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டு வெள்ளைப் பொமரேனியனுக்குப் பெயர் போனஸ். தீபாவளி போனஸ் வந்த அன்றைக்கு வாங்கினதாம்.

மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே போனஸ் வந்து திலகவதியின் புறங்காலை முகர்ந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடிக்கவில்லை. ஒரு தரம் தும்மிவிட்டுப் போய் வாசற்படியில் படுத்துக்கொண்டது.

“அது அவன் இடமுங்க” என்றாள் பிரபாவதி. கண் கலங்கியிருந்தது. “குட்டியில இருந்து அந்தப் படிதான். பாப்பாவுக்கு ஸ்கூல் முடிஞ்சு வர்ற வரைக்கும், இவருக்கு ஷிப்டு முடிஞ்சு வர்ற வரைக்கும் அங்கயே கெடப்பானுங்க. ஒருக்கா தொலைஞ்சு போயிட்டான். மந்தாரக்குப்பத்துல இருந்து தானா நடந்து வந்துட்டானுங்க. எங்க விட்டாலும் வீடு வந்து சேந்துருவானுங்க.”

எங்கே விட்டாலும் வீடு வந்து சேர்ந்துவிடுவான். திலகவதிக்கு அதைக் கேட்டதும் உடம்பு சிலிர்த்தது. இதைவிட ஒரு நற்சாட்சி வேண்டுமா? நாயைத் துணிக்கூடையில் வைத்து ஸ்கூட்டியின் முன்னால் ஏற்றிக்கொண்டு, அது வழியெல்லாம் கூடைக்குள் இருந்து முனகுவதைக் கேட்டுக்கொண்டே, குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு வந்தாள்.

வந்த புதிதில் போனஸ் சாப்பிடவில்லை. சங்கிலியில் கட்டியிருந்தாள். அது கேட்டைப் பார்த்து நின்று மெல்லிய குரலில் அழுதது. ஜெயராமன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். செருப்பு மாட்டும் நேரம் வந்தது. மாட்டவில்லை. தன் தட்டில் இருந்து ரசம்சோற்றை ஒரு உருண்டை பிடித்து நீட்டினார். நாய் தின்றது.

“அவனுக்கு வீட்டு ஞாபகம் வந்துருச்சு தாயி. பாவம். அவுத்து விட்டுரு.”

“பழகிடும் மாமா. ரெண்டு நாளு போனா சரியாப் பூடும்.”

அவர் அவளைப் பார்த்தார். “பழகாது” என்றார். அவள் சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துப் போனாள். அந்தச் சிரிப்பை நினைத்துப் பின்னால் எத்தனையோ தடவை தன் தலையில் தானே குட்டிக்கொள்ளப் போகிறாள்.

ஆனால் அந்த நாட்கள் நல்ல நாட்கள். அதை மறுக்க முடியாது. ஜெயராமன் கிளம்பவே இல்லை. நாய்க்கு முடி வாரினார். கன்வேயர் பெல்ட் அறுந்து மண்மேடு சரிந்த கதையை அதற்குச் சொன்னார். அது காதை விறைத்துக் கேட்டது. நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை என்பார்கள். இந்த நாய்க்கு உட்கார்ந்து கதை கேட்கவே நேரம் சரியாக இருந்தது. திலகவதி ஆபீசில் பிழையில்லாமல் டைப் அடித்தாள். பொற்கொடிக்குப் போட்டோ அனுப்பினாள். மடியில் நாயோடு அப்பா. பொற்கொடி வரிசையாகக் கைகூப்பும் படங்களை அனுப்பினாள்.

நாய் வாலாட்ட ஆரம்பித்ததும், இனிமேல் கட்ட வேண்டாம், கட்டிப்போட்டால் எப்படி அவரோடு போகும், எப்படித் திருப்பிக் கூட்டி வரும் என்று திலகவதியே கழற்றிச் சங்கிலியை வாசல் திண்டில் போட்டுவிட்டு ஆபீஸ் போனாள்.

மத்தியானம் செங்கமலம் போன் செய்தாள். மூச்சு இரைத்தது. “அடி திலகா, ரெண்டு பேரயும் காணும்டி! நான் ஆட்டப் புடிச்சிக் கட்டிகினு இருந்தன். கொலைக்கவே இல்ல. நாயி முன்னால போவுது, இவுரு பின்னால போறாராம். முக்குக் கடையில பாத்துகினு இருந்திருக்காங்க.”

திலகவதி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு விரட்டினாள். கும்பகோணம் ரோட்டில் இரண்டு பக்கமும் பார்த்தாள். கூட்டம் எங்கும் கூடியிருக்கவில்லை. அதுவே பெரிய வரமாக இருந்தது. நேரே பதினோராம் பிளாக்குக்கு விட்டாள். எப்போதும் அங்கேதான் போய் நிற்பார். அங்கே புதிதாகக் குடியிருக்கிற பெண் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்திருப்பாள்.

“இன்னிக்கு வரலையேக்கா” என்றாள் அந்தப் பெண்.

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. அவர் தொலைவார், ஆனால் ஒரே இடத்தில்தான் கிடைப்பார். அந்த ஒரு வழிதான் அவருக்குள் அழியாமல் இருந்தது. அதுவும் போய்விட்டதா? பிளாக் பிளாக்காகச் சுற்றினாள். எல்லாத் தெருவும் ஒரே மாதிரி, எல்லா வீடும் ஒரே மாதிரி. பஸ் ஸ்டாண்டில் விசாரித்தாள். வெள்ளை நாய் என்று கேட்டதும்தான் ஒரு பூக்காரம்மா கை காட்டினாள். கை காட்டிய பக்கம் பத்தொன்பதாம் பிளாக். அப்போதுதான் திலகவதிக்குப் புரிந்தது. புரிந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஹேண்டில்பாரில் நெற்றியை வைத்துக்கொண்டாள். எங்கே விட்டாலும் வீடு வந்து சேர்ந்துவிடுவான். எந்த வீடு என்று அவள் கேட்கவே இல்லையே. பிள்ளையார் பிடிக்கப் போனவளுக்குக் குரங்கு வந்து வாய்த்துவிட்டது.

பிரபாவதி இருந்த குவார்ட்டர்ஸ் இன்னும் யாருக்கும் ஒதுக்கப்படாமல் பூட்டிக் கிடந்தது. முற்றத்தில் சருகு சேர்ந்திருந்தது. அந்தப் படியில் போனஸ் கதவுக்கு மூக்கை வைத்துப் படுத்திருந்தது. பக்கத்தில் ஜெயராமன், செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்துவிட்டு, சொந்த வீட்டு வாசலில் உட்காருகிற தோரணையில் உட்கார்ந்திருந்தார். நாயின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

“அழாத. வந்துருவாங்க. ஷிப்டு முடிஞ்சா வராம எங்க போயிருவாங்க?”

திலகவதி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவருக்கு அடிபடவில்லை. அந்த மட்டும் நிம்மதி. ஆனால் அந்த மாமரத்து வீடு, தனபாக்கியம் இருந்த வீடு, அதுகூட இப்போது அவருக்குள் இல்லை. ஒரு நாயின் வீட்டைத் தன் வீடு என்று நம்பி வந்து உட்கார்ந்திருக்கிறார்.

“மாமா, வாங்க, வூட்டுக்குப் போவலாம்.”

“இதான வீடு?” என்றார் சாதாரணமாக.

நாயைத் தூக்கப் பார்த்தாள். அது உறுமவில்லை, கடிக்கவில்லை. கதவோடு ஒட்டிக்கொண்டு உடம்பை இறுக்கிக்கொண்டது. அவர் கையைப் பிடித்தாள். “இவன விட்டுட்டு எப்படி வர்றது?” என்றார். நாய் கதவை விடாது, அவர் நாயை விடமாட்டார். இன்றைக்கு எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப் போய்விடலாம். நாளைக்கு? கட்டிப்போட்டால் அது அழும், அழுதால் இவர் அவிழ்த்துவிடுவார். நாயை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால் இவர் தனியாகக் கிளம்புவார். எந்த வீட்டைத் தேடிப் போவார் என்று இனிமேல் அவளுக்கே தெரியாது. யோசிக்க யோசிக்க ஒரு வழியும் அகப்படவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

போன் அடித்தது. பொற்கொடி.

“திலகா, அப்பா என்ன பண்றாரு?”

“வாசப்படியில உக்காந்துகினு இருக்காருங்க அண்ணி.”

“நாயி?”

“பக்கத்துலதான் படுத்துகினு இருக்கு.”

“அப்பாடா! அந்த நாய் வந்த பிறகுதான் திலகா நான் நிம்மதியா தூங்கறேன். உனக்குக் கோயில் கட்டணும். அந்த ஹோமுக்குக்கூட வேண்டாம்னு சொல்லிடலாம்னு பாக்கறேன். சொல்லிடவா?”

சொல்லாதீங்க என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொல்லிடுங்க என்று சொல்லவும் தைரியம் வரவில்லை. “அப்புறம் பேசறேங்க அண்ணி” என்று போனை வைத்தாள்.

ஜெயராமன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் தெளிந்திருந்தது. “சாவி கொண்டாந்தியா தாயி?” என்றார். போனசும் தலையைத் தூக்கி அவள் கையைப் பார்த்தது. அவள் கையில் ஸ்கூட்டிச் சாவிதான் இருந்தது.

“இல்ல மாமா.”

“சரி விடு. உங்க அத்தை கடைக்குப் போயிருப்பா. இப்படி உக்காரு” என்று நகர்ந்து இடம் விட்டார். அவள் உட்கார்ந்தாள். போனஸ் கொஞ்சம் பொறுத்து எழுந்து வந்து அவள் பாதத்தின் மேல் தலையை வைத்துக்கொண்டது. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. மூன்று பேரும் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.